வீட்டுக்குள் நடக்கும் வன்முறை: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் உதவி தேடுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் பெண்பிள்ளை பிறந்த வீட்டில், அவள் நடக்கப் பழகுவதற்கு முன்பே அவளுக்கென்று ஒரு வீட்டைப் பற்றிய யோசனை தொடங்கிவிடுகிறது. தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல், மகளுக்கு வீடு கட்டிக்கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்வதே இங்குள்ள வழக்கம். தாய்வழிக் குடி முறை பேணப்பட்டுவந்த இந்த மண்ணில், திருமணத்தோடு இடம்பெயர்பவர் பெரும்பாலும் ஆண்தான். அப்படியிருந்தும், இரவில் அடி தாங்க முடியாமல் பின்வேலியைத் தாண்டி அக்காவின் வளவுக்கு ஓடுபவள், அந்த வீட்டைத் தன் பெயரில் பெற்ற பெண்ணாகவே இருக்கிறாள். அவளை அடித்தவர் அவளுடைய கூரைக்குக் கீழே, அவள் தாய் வாங்கிக்கொடுத்த கட்டிலில் நிம்மதியாக உறங்குகிறார்.

வெளியேற வேண்டியவள் அவள்தானா என்பதே இந்த வழிகாட்டியின் மையக் கேள்வியாகும். உயிருக்கு ஆபத்து இருக்கும்போது எவரும் எதையும் யோசிக்காமல் வெளியேறத்தான் வேண்டும். ஆனால் ஆபத்து சற்று விலகியதும், அடித்தவரை அந்த வீட்டுக்குள் வரவிடாமல் தடுக்கும் அதிகாரம் இலங்கையின் நீதவான் நீதிமன்றத்துக்கு 2005 முதல் இருக்கிறது என்பதைப் பலர் அறியாமலேயே இருக்கிறார்கள். அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் வழியை ஒவ்வொரு படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதற்படி: நடப்பதற்குப் பெயர் வைத்தல்

அடி, உதை, சூடு வைத்தல், தலைமயிரைப் பிடித்து இழுத்தல் ஆகியவற்றை வன்முறை என்று சொல்ல யாரும் தயங்குவதில்லை. ஆனால் அடி விழாத வீடுகளிலும் வன்முறை நடக்கிறது. போனை ஒவ்வொரு நாளும் வாங்கிப் பார்ப்பது, தாய்வீட்டுக்குப் போக அனுமதி கேட்க வைப்பது, பிள்ளைகளின் முன்னால் கூசும் வார்த்தைகளால் ஏசுவது, வேலைக்குப் போகும் பெண்ணின் வங்கி அட்டையைத் தன் பையில் வைத்துக்கொள்வது, மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்து அவள் அனுப்பிய பணத்துக்குக் கணக்குச் சொல்லாமல் கணக்குக் கேட்டவளையே ஒழுக்கம் கெட்டவள் என்று ஊருக்குச் சொல்வது, அவளுடைய பெயரில் நுண்கடன் எடுத்துவிட்டு வாராவாரம் கடன்காரர் வரும்போது படலையைத் தாண்டி மறைந்துவிடுவது ஆகிய எல்லாமே இதற்குள் அடங்கும். விருப்பமில்லாத உடலுறவுக்கு வற்புறுத்துவதும், அந்தரங்கப் படங்களை வெளியிடுவேன் என்று மிரட்டுவதும் அப்படியே.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுத்தல் சட்டம் இரண்டு வகைகளைச் சொல்கிறது. உடலுக்குத் தீங்கு செய்யும் குற்றங்கள், பணத்தையோ பொருளையோ மிரட்டிப் பறித்தல், அச்சுறுத்தல், இவற்றைச் செய்ய முயல்தல் ஆகியன முதலாவது வகை. மனரீதியான துன்புறுத்தல் இரண்டாவது வகை. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை பாரதூரமான முறையில் தொடர்ந்து நிகழ்வதை அது குறிக்கிறது. ஒரு நாள் ஏச்சு இதற்குப் போதாது. அது ஒரு கோலமாகத் தொடர்கிறது என்பதைக் காட்ட வேண்டும். பணத்தைக் கட்டுப்படுத்துவதைச் சட்டம் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே அதை இந்தத் தொடர்ச்சியின் ஒரு பகுதியாக விளக்கி எழுத வேண்டியிருக்கும். நீதிமன்றம் பிரிந்து வாழும்படி கட்டளையிட்ட நிலையைத் தவிர, கணவன் மனைவியை வற்புறுத்துவதைத் தண்டனைச் சட்டக்கோவை இன்னமும் வன்புணர்வாக ஏற்பதில்லை என்பது நம் சட்டத்தில் உள்ள பெரிய குறை. ஆயினும் அந்த வற்புறுத்தலோடு சேர்ந்து வரும் காயமும் மிரட்டலும் பாதுகாப்புக் கோருவதற்குப் போதிய காரணங்களாகும்.

கணவர் மட்டுந்தான் இச்சட்டத்துக்குள் வருகிறார் என்று எண்ணிவிட வேண்டாம். முன்னாள் கணவர், பதிவுத் திருமணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர், தந்தை, தாய், மகன், மகள், அண்ணன், தம்பி, சகோதரி, மாற்றாந்தந்தை, பாட்டன், பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, மாமா, மாமி, அவர்களுடைய பிள்ளைகள் ஆகியோருக்கு எதிராகவும் விண்ணப்பிக்கலாம். பாதிக்கப்பட்டவர் ஆணாக இருந்தாலும் வழி ஒன்றுதான். வன்முறை வீட்டுக்கு வெளியே நடந்திருந்தாலும், அது அந்த உறவிலிருந்து எழுந்திருந்தால் சட்டம் பொருந்தும்.

இது நமக்கு மட்டும் வந்த விதி என்று நினைத்துக் குறுகிப்போகும் பெண்களுக்காக ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுவதும் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வில், துணைவருடன் வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதமானோர் வாழ்க்கையில் ஒருமுறையாவது அந்தத் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர் என்றால், நீங்கள் தண்ணீர் எடுக்கும் குழாயடியில் நிற்கும் வரிசையிலும் அவர் இருப்பார்.

இரண்டாம் படி: ஆபத்தின் ஆழத்தை அளத்தல்

எல்லா வன்முறையும் கெட்டதே. ஆனால் சில அறிகுறிகள் உயிருக்கு ஆபத்து நெருங்கிவிட்டதைச் சொல்பவை. கழுத்தை நெரித்தது ஒருமுறையாக இருந்தாலும் அது முதன்மையான அறிகுறி. கழுத்தில் தடம் தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கக்கூடும் என்பதால், குரல் மாறினாலோ விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ தலை சுற்றினாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மண்ணெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்து மிரட்டுவது, கத்தியை அல்லது வேளாண்மை வெட்டும் அரிவாளைக் காட்டுவது, கர்ப்பகாலத்தில் அடிப்பது, பிரிந்த பின்னும் பின்தொடர்வது, கொன்றுவிட்டுத் தானும் சாவேன் என்று சொல்வது, அடியின் இடைவெளி மாதத்திலிருந்து வாரமாகக் குறுகுவது ஆகியனவும் அவ்வாறானவையே. கசிப்புச் சாராயமும் ஐஸ் போதைப்பொருளும் இவற்றைக் கூர்மையாக்குகின்றன. ஆனால் குடி வன்முறைக்குக் காரணமென்று நான் எழுத மாட்டேன். குடித்துவிட்டு வந்தவர் வழியில் பொலிஸ்காரரை அடிக்கவில்லை, முதலாளியை அடிக்கவில்லை, வீட்டுக்கு வந்துதான் கையை ஓங்குகிறார்.

பிரிந்து போகும் நாட்களே மிக ஆபத்தானவை. ஆகவே "நான் போகிறேன்" என்று முன்கூட்டிச் சொல்லிச் சண்டை பிடிக்காமல், ஆயத்தமான பிறகு அமைதியாகப் போவதே நல்லது.

மூன்றாம் படி: எழுதி வைத்தல்

நீதிமன்றத்தில் ஞாபகத்தை விட எழுத்து நிற்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் மகளின் கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி வைத்திருந்தார். நோட்டுப் புத்தகம் வாங்கினால் சந்தேகம் வரும், பிள்ளையின் கொப்பியை அவர் திறந்து பார்ப்பதில்லை என்பது அவருடைய கணக்கு. "12ஆம் திகதி இரவு எட்டு மணிக்கு மேல், கரண்ட் போயிருந்த நேரம், குசினியில் அகப்பைக் காம்பால் இடது தோளில் இரண்டு முறை, மகன் பார்த்தான், அடுத்த வீட்டு மாமி சத்தம் கேட்டு விளக்கோடு வந்தா." இவ்வளவுதான் ஒரு குறிப்பு. திகதி, நேரம், இடம், என்ன பொருளால், எங்கே பட்டது, யார் பார்த்தார் என்பவை இருந்தால் போதும். அழுகையையோ ஆத்திரத்தையோ எழுத வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டுதான் பின்னர் அவருடைய சட்டத்தரணி, நீதிமன்றத்துக்குக் கொடுக்கும் சத்திய வாக்குமூலமான சத்தியக்கடதாசியை எழுதினார்.

காயங்களை வெளிச்சத்தில் படமெடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவிட்டு உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள். மிரட்டல் குறுஞ்செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல், திரையைப் படமெடுத்து வெளியே சேமித்து வையுங்கள். போனை அவர் பார்ப்பார் என்றால், உதவிக்கு அழைத்த இலக்கங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். முடிந்தால் உறவினரின் போனிலிருந்து அழைப்பதே பாதுகாப்பு.

நான்காம் படி: புறப்பட ஆயத்தம்

அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகம், அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் ஆவணங்கள், பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகள், தொடர்ந்து எடுக்கும் மருந்துகள் ஆகியவற்றை ஒரே நாளில் எடுத்தால் கண்ணில் படும். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரதியெடுத்து, மூலத்தைத் தாயிடமோ நம்பகமான தோழியிடமோ கொடுத்து வையுங்கள். உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் கட்டாயம் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகள் பல, "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் ஆணுக்கு எழுதப்பட்டன. தாய் கொடுத்த வளவில் வாழ்ந்த பெண்ணுக்கு, அது போய் வேறு இடத்தில் கிடைத்த வீட்டில் தன் பெயர் இல்லை என்பது சண்டை வந்த பிறகுதான் தெரியவருகிறது. உறுதியில் பெயர் இல்லாவிட்டாலும் பாதுகாப்புக் கட்டளை கோரலாம் என்பதை மனதில் வையுங்கள்.

வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக் கிராமங்களில் இருப்பவர்கள் நேரத்தையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும். வாவியைக் கடக்கும் படகுப் பாதையையும் மாலை பஸ்ஸையும் நம்பியிருக்கும் ஊர்களில் இருட்டிய பிறகு வெளியேறுவது கடினம். இரவில் அழைத்தால் வரக்கூடிய ஒரு ஓட்டோக்காரரின் இலக்கம், பயணத்துக்குப் போதுமான பணம், வேலியில் திறக்கக்கூடிய இடம், பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல் ஆகியவற்றை முன்பே முடிவு செய்து வையுங்கள். சண்டை தொடங்கும்போது குசினியிலும் கதவு ஒன்றே உள்ள அறையிலும் நிற்காமல், வாசல் பக்கமாக நகருங்கள்.

ஐந்தாம் படி: முதல் ஆளிடம் சொல்லுதல்

உயிராபத்து என்றால் 119 பொலிஸ் அவசர அழைப்பு. காயம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை. ஆலோசனைக்கும் வழிகாட்டலுக்கும் அரசாங்கத்தின் மகளிர் உதவி இலக்கம் 1938. பொலிஸ் திணைக்களத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தின் இலக்கம் 109. பிள்ளைகள் பாதிக்கப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929. மனம் உடைந்து உயிரை விடத் தோன்றினால் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள். அந்த நினைப்பு வந்ததற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. விமன் இன் நீட் அமைப்பின் 0775676555 என்ற இலக்கத்திலும் சட்ட ஆலோசனையும் உளவளத்துணையும் கிடைக்கும். மட்டக்களப்பில் தொண்ணூறுகளிலிருந்து இயங்கிவரும் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையத்தைப் பலர் நேரே தேடிப் போகிறார்கள்.

இலக்கங்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும், முகம் தெரிந்தவரிடம் பேசுவதே பலருக்கு எளிது. கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்க வீட்டுக்கே வரும் குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவ மாதுவிடம் சொல்வது மிகவும் பொருத்தமானது. அவர் வருவதை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோர் இருக்கிறார்கள். அஸ்வெசும அலுவலாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் அவர்களைச் சந்தித்தவர்கள் பலர். வீட்டுக்குத் திரும்பவே முடியாத நிலையில் இருப்பவருக்குத் தற்காலிகத் தங்குமிட ஏற்பாட்டையும் இவர்கள் ஊடாகக் கேட்கலாம். அத்தகைய இடங்களின் முகவரி பாதுகாப்புக்காக வெளியே சொல்லப்படுவதில்லை.

கிராம உத்தியோகத்தரிடமும் கோயில் பெரியவர்களிடமும் பள்ளிவாசல் நிர்வாகத்திடமும் போவோர் உண்டு. நல்லவர்கள் இருக்கும் ஊரில் அது உதவும். ஆனால் அங்கே கிடைப்பது பெரும்பாலும் "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ மகள்" என்ற அறிவுரைதான். இருவரையும் எதிரெதிரே இருத்திச் சமரசம் பேசும் கூட்டத்தில், வீட்டுக்குப் போனதும் என்ன நடக்கும் என்று பயந்திருக்கும் பெண் உண்மையைச் சொல்ல மாட்டாள். அப்படியான கூட்டத்துக்கு இணங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆறாம் படி: வைத்தியசாலை

சிகிச்சைக்கு முன் பொலிஸில் என்ட்ரி போட வேண்டும் என்பது தவறான எண்ணம். முதலில் சிகிச்சை. "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல், யார் எதனால் அடித்தார் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அது படுக்கைச் சீட்டில் எழுதப்பட்டால் பின்னர் சான்றாகும். சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்குத் தேவையான படிவத்தைப் பொலிஸார் கொடுப்பார்கள். வைத்தியசாலைப் பொலிஸ் காவலரண் உள்ள இடங்களில் அங்கேயே அது நடக்கும். பல அரச வைத்தியசாலைகளில் பால்நிலை வன்முறைக்கு ஆளானோருக்கென நட்பு நிலையம் என்ற பிரிவு இயங்குகிறது. சிங்களத்தில் அதை மித்துரு பியச என்பார்கள். வாயிலில் உள்ளவரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் வழிகாட்டுவார்.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் குளிக்காமல், உடுத்த உடையைத் துவைக்காமல் கடதாசிப் பையில் இட்டு எடுத்துக்கொண்டு விரைவாகப் போக வேண்டும். கர்ப்பத்தையும் தொற்றையும் தடுக்கும் மருந்துகள் நேரம் பிந்தினால் பயனற்றுப் போகும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

ஏழாம் படி: பொலிஸ் நிலையம்

சிறுவர், மகளிர் பிரிவில் பெண் உத்தியோகத்தரைக் கேளுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்யக் கேட்பது உங்கள் உரிமை. எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி, சொன்னது சொன்னபடி இருந்தால் மட்டும் ஒப்பமிடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளாமல் வெளியே வர வேண்டாம்.

என் உறவுக்காரப் பெண் ஒருவரோடு ஒரு பொலிஸ் நிலையத்தின் வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்திருக்கிறேன். வீங்கிய உதட்டோடு இருந்த அவரைப் பார்த்து, "புருசன் பெண்சாதி சண்டைதானே, இரண்டு நாள் போனால் நீங்களே வந்து வாபஸ் வாங்குவீங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் வெளியே வந்து மரத்தடியில் நின்று சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டதை நான் மறக்கவில்லை. மறுநாள் நடந்ததை ஒரு கடதாசியில் எழுதி, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் அழைத்துக்கொண்டு போனபோது, அதே மேசையில் அதே முறைப்பாடு பதிவானது. தனியாகப் போகாதீர்கள், வெறுங்கையோடு போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அந்த அனுபவத்தால்தான். அப்படியும் ஏற்க மறுத்தால் நிலையப் பொறுப்பதிகாரியிடமும், அதற்கு மேல் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடமும் எழுத்தில் கொடுக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவை 1996 என்ற இலக்கத்தில் அழைக்கலாம்.

பொலிஸார் அவரை எச்சரித்து அனுப்புவதோ, இருவரிடமும் உடன்பாட்டுக் கடிதம் வாங்குவதோ பாதுகாப்புக் கட்டளை ஆகாது. அந்தக் கடிதத்தை மீறுவது தனிக்குற்றம் அல்ல. நீதிமன்றத்தின் கட்டளையை மீறுவது குற்றம்.

எட்டாம் படி: நீதவான் நீதிமன்றம்

இந்த இடத்தில்தான் சற்று நிதானமாக வாசிக்கச் சொல்வேன், ஏனென்றால் பெரும்பாலோர் வழக்கு என்றாலே விவாகரத்து என்றும் சிறை என்றும் நினைத்துப் பின்வாங்கிவிடுகிறார்கள். பாதுகாப்புக் கட்டளை இரண்டுமல்ல. அது வன்முறையை நிறுத்துவதற்கான ஒரு சிவில் பரிகாரம். அதைப் பெற்றுக்கொண்டு திருமணத்தில் தொடர்ந்து இருக்கலாம், பிரியலாம், முடிவெடுக்காமலும் இருக்கலாம். அவரைக் குற்றவாளியாக்கும் வழக்கு வேண்டுமா என்பது வேறு கேள்வி. காயத்தின் தன்மையைப் பொறுத்துப் பொலிஸார் அதைத் தனியாக நடத்தலாம்.

நீங்கள் வசிக்கும் இடம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், அவர் வசிக்கும் இடம், வன்முறை நடந்த இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றுக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். களுவாஞ்சிக்குடியில் அடிபட்டு அக்கரைப்பற்றில் தங்கையின் வீட்டில் இருப்பவர் அக்கரைப்பற்றிலேயே விண்ணப்பிக்க முடியும் என்பது இதன் பொருள். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டக்களப்பு, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிக்குடி ஆகிய இடங்களிலும், அம்பாறை மாவட்டத்தில் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில், அம்பாறை ஆகிய இடங்களிலும் நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன. நீங்களே விண்ணப்பிக்கலாம், உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம், பிள்ளைக்காகப் பெற்றோர், பாதுகாவலர் அல்லது பிள்ளை யாரோடு வசிக்கிறதோ அவர் விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்தையோ தமக்கு அருகில் உள்ள நிலையத்தையோ நாடலாம்.

விண்ணப்பத்தைப் பார்த்த நீதவான், அவசரம் இருப்பதாகக் கண்டால் மறுதரப்பு வருமுன்பே இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கலாம். அது ஆகக்கூடியது 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும். அதற்குள் விசாரணைக்குத் திகதி குறிக்கப்படும். விசாரணையின் பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை ஆகக்கூடியது 12 மாதங்கள் நிற்கும்.

கட்டளையில் எதைக் கேட்பது என்பதிலேயே பலர் தவறிவிடுகிறார்கள். "அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். சேர்ந்து வாழும் வீட்டுக்குள் அவர் நுழையக் கூடாது, வேலைத்தலத்துக்கு வரக் கூடாது, போனிலோ பிறர் மூலமோ தொடர்புகொள்ளக் கூடாது, பின்தொடரக் கூடாது, உங்களுக்கு உதவி செய்த அக்காவையோ அயலவரையோ துன்புறுத்தக் கூடாது, குடும்ப வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது என்றெல்லாம் கேட்க முடியும். ஆயுதத்தைப் பொலிஸார் எடுத்துக்கொள்ளவும், நீங்கள் உடைமைகளை எடுக்கப் போகும்போது பொலிஸார் கூட வரவும், அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கவும், இருவருக்கோ ஒருவருக்கோ உளவளத்துணை பெறவும் நீதவான் கட்டளையிடலாம். அவரை வீட்டை விட்டு விலக்குமுன் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள தங்குமிடத் தேவையையும், அவருக்கு ஏற்படும் கஷ்டத்தையும் நீதிமன்றம் எடைபோட்டுப் பார்க்கும். அந்த இடத்தில்தான் நம் ஊர் வழக்கம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. வீடு உங்கள் தாய் கட்டிக்கொடுத்தது, வளவில் சுற்றிலும் உங்கள் சகோதரிகள் இருக்கிறார்கள், பிள்ளைகளின் பாடசாலை நடைதூரத்தில் உள்ளது, அவர் போய்த் தங்க அவருடைய தாய்வீடு அடுத்த கிராமத்தில் இருக்கிறது என்ற விபரங்களை விண்ணப்பத்தில் எழுதச் சொல்லுங்கள். சட்டத்தரணிக்கு இந்த ஊர் விபரம் தானாகத் தெரியாது. நீங்கள் சொன்னால்தான் அவர் எழுதுவார்.

நீதிமன்றத்தில் பேசும் மொழி விளங்காவிட்டால், விளங்கியதுபோல் தலையாட்டாமல் மொழிபெயர்ப்பைக் கேட்க வேண்டும். அம்பாறை நகரப் பக்கம் வழக்குப் போகும் தமிழ்பேசும் பெண்களுக்கு இது மிகவும் தேவைப்படும்.

முஸ்லிம் பெண்கள் காதி நீதிமன்றத்துக்கு மட்டுமே போகலாம் என்று காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை பலர் நம்புகிறார்கள். திருமணம், விவாகரத்து, தாபரிப்பு (வாழ்க்கைச் செலவுப் பணம்) ஆகியவை 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதியிடம் போகின்றன. கொடுமையைக் காரணம் காட்டி மனைவி, கணவரின் சம்மதம் இல்லாமலே பெறக்கூடிய பஸஹ் விவாகரத்தும் கேட்கலாம். ஆனால் பாதுகாப்புக் கட்டளை எல்லா மதத்தினருக்கும் நீதவான் நீதிமன்றத்தில்தான். காதியிடம் வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் இதைத் தனியாகக் கோரலாம். ஸபர் (பொறுமை) செய்யச் சொல்லும் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் மகளின் உயிரும் ஒரு அமானிதம் (பாதுகாக்கும்படி ஒப்படைக்கப்பட்டது) என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனைய மதத்தவர்களின் தாபரிப்பு வழக்கு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்திலும், விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்திலும் நடக்கும்.

வயதான பெற்றோரை மகனோ மகளோ அடித்தால் இதே பாதுகாப்புக் கட்டளையைக் கோரலாம். பராமரிப்பு மறுக்கப்பட்டால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி முதியோருக்கான பராமரிப்புச் சபையிடம் போகலாம். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வழிகாட்டுவார்.

அயலில் இருப்பவர் செய்யக்கூடியது

சத்தம் கேட்டால் படலையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தேங்காய்த் துருவலைக் கேட்டாவது போங்கள். கத்தி கண்ணில் பட்டால் உள்ளே போகாமல் 119ஐ அழையுங்கள். பிறகு அவள் தனியாக இருக்கும்போது, "என்ன செய்தாய், ஏன் அடித்தார்" என்று கேட்க வேண்டாம். "நான் கேட்டேன், நீ சொல்வதை நம்புகிறேன், என் வீட்டுக் கதவு இரவில் திறந்திருக்கும்" என்று சொன்னால் போதும். அவள் திரும்பவும் அவரோடு சேர்ந்து வாழப் போனால் கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிடாதீர்கள். அவளுக்கென்று ஒரு கதவு திறந்திருக்க வேண்டும், அது உங்களுடையதாக இருக்கட்டும்.

கட்டளை கிடைத்த பிறகு

கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதிகளைப் பெற்று, ஒன்றைக் கைப்பையிலும் ஒன்றைத் தாயிடமும் வையுங்கள்; பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவுக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்ததா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள். பிள்ளைகளைச் சந்திப்பது பற்றிக் கட்டளையில் நிபந்தனை இருந்தால் அதைப் பாடசாலை அதிபருக்கும் சொல்லி வையுங்கள். அவர் கட்டளையை மீறி வந்தால், பூப்போன்ற வார்த்தைகளோடு வந்தாலும், பிள்ளைக்கு இனிப்புப் பொட்டலத்தோடு வந்தாலும், அது மீறலே. திகதியைக் குறித்துக்கொண்டு பொலிஸுக்குச் சொல்லுங்கள். மீறலுக்கு ஒரு வருடம் வரையான சிறை, பத்தாயிரம் ரூபா வரையான தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாட்சி சொல்ல வேண்டாம் என்று எவராவது மிரட்டினால், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கிறது.

வீட்டின் பூட்டை மாற்றுங்கள். பத்தாவது மாதம் முடியும் நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு, அன்றைக்கே சட்டத்தரணியிடம் போய், பயம் இன்னும் இருந்தால் கட்டளையை நீடிக்கவோ புதிதாக ஒன்றைக் கோரவோ என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள். பன்னிரண்டாவது மாதம் வரை காத்திருந்தால், இரண்டு கட்டளைகளுக்கும் இடையில் பாதுகாப்பில்லாத நாட்கள் விழுந்துவிடும்.